அவர் தூங்கிவிட்டார், நான் அழுதுகொண்டிருந்தேன்

கேள்வி: எனக்கு 28 வயது. பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம், இரண்டு வருடம் ஆகிறது. கணவர் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறார். நல்லவர், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் அதிகம் பேசமாட்டார். நான் பிளஸ் டூ படிக்கும்போதிலிருந்தே காதல் நாவல் வாசிப்பவள். காதல் படம் என்றால் உயிர். போன மாதம் டிவியில் '96' போட்டார்கள். அவரும் பார்க்கட்டும் என்று ஆசையாக உட்கார வைத்தேன். பாதிப் படத்திலேயே சோபாவில் தூங்கிவிட்டார். நான் மட்டும் கடைசிவரை அழுதுகொண்டே பார்த்தேன். மறுநாள் காலையில் "உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "பிடிக்காமலா கட்டிக்கிட்டேன்?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். நான் அழுததும், "கதையும் சினிமாவும் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போயிட்ட" என்றார். அவருக்குப் பிடித்த ஒரே படம் 'மௌன ராகம்'. எப்போது போட்டாலும் பார்ப்பார். அதிலும் கார்த்திக் வரும் பகுதியில் எழுந்துபோய்ப் போன் பேசிவிட்டு, டெல்லிக் காட்சிகள் வந்ததும் வந்து உட்கார்ந்துகொள்வார். அம்மாவிடம் சொன்னால், "கடையிலிருந்து வரும்போது உனக்குப் பிடிச்ச தேங்காய் பன் மறக்காம வாங்கிட்டு வர்ற மனுஷன். இதுக்கு மேல என்னடி வேணும்?" என்கிறார். கதைகள் என்னைக் கெடுத்துவிட்டனவா? அல்லது என் வாழ்க்கையில் காதலே இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

கதைகள் உங்களைக் கெடுக்கவில்லை. உங்கள் வாழ்க்கையில் காதல் இல்லை என்றும் உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்லமாட்டேன். நீங்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள். எனக்கு மூன்றாவதாக ஒன்று தெரிகிறது: உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, பிடிபட்ட கொஞ்சத்தையும் நீங்கள் அவரிடம் சொல்லவில்லை.

ஆலோசனைக்கு வரும் தம்பதிகளிடம் பிடித்த காதல் படம் எது என்று நான் கேட்பதுண்டு. படத்தின் பெயரைச் சொன்னதும் விட்டுவிடமாட்டேன். எந்தக் காட்சி என்று கேட்பேன். பெரும்பாலும் அவர்கள் சொல்வது டூயட்டும் இல்லை, முத்தமும் இல்லை. சின்னதாக ஒன்றைச் சொல்வார்கள். அவள் எப்போதோ சொன்ன ஒன்றை அவன் ஞாபகம் வைத்திருந்த இடம், கூட்டத்தில் அவளை மட்டும் கண் தேடிய இடம், அவன் கோபத்தை அவள் பொறுத்துக்கொண்ட இடம். அந்தக் காட்சி அவரவர் மனதில் எது காலியாக இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். பிடித்த கதைகளை நான் மதிப்பது இதனால்தான். காதல் என்றால் என்ன என்று பொதுவாகச் சொல்லித்தருவதைவிட, நமக்கு எந்த இடத்தில் பசி என்று அவை நன்றாகக் காட்டுகின்றன.

அதனால் '96'இல் நீங்கள் எங்கே அழுதீர்கள் என்று எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். பள்ளியில் காதலித்துப் பிரிந்த ராமும் ஜானுவும் பல வருடம் கழித்துச் சந்திக்கும் கதை அது. 2018இல் பிரேம்குமார் இயக்கத்தில் வந்த அந்தப் படத்தில் அழுவதற்கு இடங்கள் நிறைய. ராம் தன் பெட்டியைத் திறந்து பள்ளிக்கூடக் காலத்துப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுக்கும் இடம் இருக்கிறது. கரண்ட் போன நேரத்தில் ஜானு இத்தனை வருடமாகப் பாட மறுத்த 'யமுனை ஆற்றிலே'வைப் பாடத் தொடங்க, அவன் தடுமாறி ஓடிவரும் இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையின் முடிச்சு கல்லூரியில் இருக்கிறது. அவன் அவளைத் தேடிப் போகிறான். நேரில் போய் நிற்காமல் இன்னொருவரிடம் சொல்லியனுப்புகிறான். ஆள் மாறிப் புரிந்துகொண்டு, பார்க்க முடியாது என்று அவள் சொல்லியனுப்பிவிடுகிறாள். அவன் திரும்பிப் போய்விடுகிறான். அவள் காத்திருந்ததே அவனுக்குத்தான். அந்த ஒரு நாள் இருவர் வாழ்க்கையையும் வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. படம் முழுக்க ராமும் ஜானுவும் சுமப்பது, சொல்ல வேண்டியதை உரிய ஆளிடம் உரிய நேரத்தில் சொல்லாமல் போனதன் துக்கத்தைத்தான். தமிழ் சினிமாவுக்கு இது புதிதும் இல்லை. 1991இல் வந்த 'இதயம்' படத்தில் முரளி கடைசிவரை சொல்லாமலே தவித்ததைப் பார்த்து ஒரு தலைமுறையே கலங்கியது.

இப்போது உங்கள் வீட்டு சோபாவைப் பாருங்கள். சொல்லாமல் விட்ட இரண்டு பேருக்காக நீங்கள் அழுதீர்கள். பக்கத்தில் உங்கள் மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், அவர் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில், "பிடிச்சிருக்கா" என்று கேட்டீர்கள். அது கேள்வியாக வந்தாலும் உள்ளே இருந்தது வேறு. 'நீங்கள் என்னைக் கவனிப்பதாக எனக்குத் தெரியவில்லை, அது வலிக்கிறது' என்பதுதான் நீங்கள் சொல்ல நினைத்தது. அவருக்குக் கேள்வி மட்டும்தான் கேட்டது. அதற்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்ன விதம் சரி என்று நான் சொல்லவில்லை. மனைவி அழும்போது "கெட்டுப்போயிட்ட" என்பது காயப்படுத்தும் பேச்சு. அதையும் அவரிடம் நிதானமாகச் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் படங்களைப் பற்றி இன்னும் ஒன்று. நாம் உருகி உருகிப் பார்க்கும் காதல் கதைகளில் பெரும்பாலானவை பிரிவில் முடியும், இல்லையென்றால் தாலி கட்டியதும் முடியும். 2010இல் கௌதம் மேனன் ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார். தெலுங்கில் காதலர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். தமிழில், 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில், ஜெஸ்ஸி வேறொருவரை மணந்துகொண்டு போய்விடுகிறாள். நாம் அந்தப் பிரிவைத்தான் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏங்குவது எப்படி இருக்கும் என்று இந்தப் படங்களுக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் பில் கட்ட மறந்த நாளில், மாமியாருக்கு முட்டிவலி வந்த வாரத்தில், இரண்டு பேரும் களைத்துப்போய் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுக்கும் இரவில் காதல் எப்படி இருக்கும் என்பதை அவை காட்டுவதில்லை. 'அலைபாயுதே' கொஞ்சம் காட்டியது. தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு தனிக்குடித்தனம் வந்த பிறகு அந்த இருவரும் போடும் சண்டைகள் எல்லாம் நம் வீட்டுச் சண்டைகள்தான். நம்மில் பலர் அந்தப் படத்தை நினைத்தால் ரயில்தான் ஞாபகம் வருகிறது, சண்டை மறந்துபோகிறது.

நாவல்கள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். நீங்கள் எந்த நாவல்களை வாசிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மாத நாவல்களில் அடிக்கடி வரும் ஒரு நாயகன் உண்டு. பணக்காரன், முன்கோபக்காரன். நாயகியைத் தவறாகப் புரிந்துகொண்டு வார்த்தையால் குத்துவான், கையை இறுக்கிப் பிடிப்பான். கடைசி அத்தியாயத்தில் உண்மை தெரிந்து உருகிவிடுவான். வாசிக்கும்போது நமக்கு அவன் மேல் பயம் வராது, முடிவு நல்லபடியாகத்தான் வரும் என்று முன்கூட்டியே தெரியும். வாழ்க்கையில் கையை முறுக்குபவனுக்கு அப்படிக் கடைசி அத்தியாயம் எழுதி வைக்கப்படவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே போவதைக் காதலாகக் காட்டும் படங்களுக்கும் இதேதான் பொருந்தும். அந்த வேகத்தைப் பார்த்து, 'என் மேல் யாருக்கும் இப்படி ஒரு வெறி இல்லையே' என்று ஏங்கும் பெண்களை நான் சந்திக்கிறேன். உங்கள் ஏக்கத்தில் அந்தக் கலப்பு இருக்கிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இருந்தால், அதை மட்டும் கழித்துவிடலாம். கவனிக்கப்பட வேண்டும் என்ற ஆசையைக் கழிக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பலர் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தைச் சொல்வார்கள். 1811இல் ஜேன் ஆஸ்டின் எழுதிய நாவலை வைத்து ராஜீவ் மேனன் 2000இல் எடுத்த படம். பாரதி பாட்டில் ஊறிய மீனாட்சி, தன்னோடு சேர்ந்து கவிதை சொல்லும் ஸ்ரீகாந்தைக் காதலிக்கிறாள். அவனுடைய நிதி நிறுவனம் கவிழ்ந்ததும் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேறு இடத்தில் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிடுகிறான். போரில் காலை இழந்த கேப்டன் பாலா, அதிகம் பேசாதவர், கடைசியில் அவளுக்குத் துணையாகிறார். 'பார்த்தாயா, கவிதை சொல்பவனை நம்பாதே, வாய்பேசாதவன்தான் தங்கம்' என்று இதிலிருந்து பாடம் எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கவிதை வேண்டும் என்று மீனாட்சி ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. பாலா அவள் மனதில் இடம்பிடித்ததும் பேசாமல் இருந்ததால் அல்ல. அவளுக்குப் பாட்டு எவ்வளவு முக்கியம் என்று அவர் கவனித்தார், அந்தப் பாதையில் அவள் போக வழி செய்தார். பேசாதவர் எல்லாரும் அப்படிக் கவனிப்பவர்கள் அல்ல. பேசுபவர்களிலும் கவனிப்பவர்கள் உண்டு.

இதனால்தான் உங்கள் அம்மா சொன்ன தேங்காய் பன் சமாதானத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. அந்த பன் அன்புதான். கடை மூடிக் களைத்து வரும் மனிதர், வழியில் வண்டியை நிறுத்தி, உங்களுக்குப் பிடித்ததை ஞாபகமாக வாங்குகிறார். அதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அது இருப்பதால் உங்களுக்கு வார்த்தை வேண்டாம் என்று ஆகிவிடாது.

குறுந்தொகையில் 167ஆவது பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பெண்ணைப் பார்க்கச் செவிலித்தாய் போகிறாள். பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். அந்தப் பெண் கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். அதே விரலால் துணியைச் சரிசெய்துகொள்கிறாள், அதைத் துவைக்கக்கூட நேரமில்லாமல் உடுத்தியபடியே வேலை செய்கிறாள். தாளிக்கும் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. அப்படித் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் உண்கிறான்.

"இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே"

நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்லிச் சாப்பிட, அவள் முகம் வெளியே தெரியாத அளவுக்கு மெல்ல மலர்ந்ததாம். நம் மொழியில் குடும்பக் காதலைப் பற்றி இதைவிட அழகான பாட்டு எனக்குத் தெரியாது. இதில் ஓட்டமும் இல்லை, மழையும் இல்லை. சமையற்கட்டுதான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அந்தக் கணவன் பேசாமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருந்தால் இந்தப் பாட்டே இல்லை. ஒரு சொல்தான் சொன்னான். அது அவளுக்குத் தேவைப்பட்டது. உங்களுக்கும் தேவைப்படுகிறது. அதைக் கேட்பது பேராசை இல்லை.

சரி, உங்கள் கணவரின் படத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். காதல் படம் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாய் என்று உங்களிடம் சொன்னவர், தானும் ஒரு காதல் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். 1986இல் மணிரத்னம் எடுத்த 'மௌன ராகம்', பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த ஒரு கல்யாணத்தின் கதை. டெல்லிக்கு வந்த திவ்யாவிடம் என்ன பரிசு வேண்டும் என்று சந்திரகுமார் கேட்கிறான். அவள் விவாகரத்து கேட்கிறாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் பொதுவாக விவாகரத்து மனுப் போட முடியாது என்பது நிஜமான சட்டம், 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அந்த ஒரு வருடத்தை வைத்துத்தான் இயக்குநர் கதையைக் கட்டினார். ஒரே வீட்டில் இருவரும் விலகி வாழ்கிறார்கள். அவன் அவளை வற்புறுத்துவதில்லை. காத்திருக்கிறான். ஆனால் தன் மனதையும் பூட்டி வைத்துக்கொள்கிறான். அவள் நெருங்கி வரும்போதுகூட விறைப்பாகவே இருக்கிறான். ரயில் கிளம்பும் நேரம்வரை இருவரும் வாய்திறப்பதில்லை.

திவ்யாவின் பழைய காதலனாகக் கார்த்திக் வரும் பகுதியை உங்கள் கணவர் தவிர்ப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். துறுதுறுவென்று பேசி மயக்கும் அந்தப் பையன் தனக்கு ஒட்டாதவன் என்று நினைக்கலாம். பேசத் தெரியாத சந்திரகுமாரிடம் அவர் தன்னைப் பார்க்கலாம். வேறு ஏதாவது பழைய விஷயமும் இருக்கலாம். இதில் எது என்று நானும் ஊகிக்கக்கூடாது, நீங்களும் ஊகிக்க வேண்டாம். அவரிடமே கேளுங்கள். இரண்டு வருடத்தில் அந்தப் படத்தில் அவருக்கு என்ன பிடிக்கும் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. '96'இல் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவரும் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது? முதலில் நாளைப் பாருங்கள். உங்கள் ஊரில் திங்கள் இரவும் செவ்வாயும் ஜவுளிச் சந்தை. அந்த இரண்டு நாளும், அதற்கு முந்தைய நாளும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் சாப்பிட்டு, போனைக் கீழே வைத்த ஒரு நேரம் பாருங்கள். முழுப் படத்தையும் பார்க்க வைக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு காட்சியைப் போனில் போட்டுக் காட்டுங்கள். காட்டிவிட்டு, 'இதுல எனக்குப் பிடிச்சது, அவ சொன்னதை அவன் ஞாபகம் வச்சிருந்தான் பாருங்க, அதுதான்' என்பது போல, உங்களைத் தொட்டது எதுவோ அதைச் சொல்லுங்கள். அப்புறம் அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 'நீங்க பன் வாங்கிட்டு வர்றது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூடவே, இன்னிக்கு என்ன பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டா இன்னும் சந்தோஷமா இருக்கும்.' இவ்வளவு போதும். அவரால் செய்ய முடிகிற ஒன்றைக் கேளுங்கள். 'என்னைக் காதலியுங்கள்' என்றால் பாவம் அவர் எங்கிருந்து தொடங்குவார்?

பிறகு அவருடைய காட்சியைக் கேளுங்கள். அவர் சொல்லும்போது திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். ஒரு வரியில் முடித்தாலும் விட்டுவிடுங்கள், அவருக்கு இது பழக்கமில்லாத பேச்சு.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் சியாட்டிலில் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, சில வருடம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார். அவர் முக்கியமாகச் சொல்வது பெரிய காதல் வெளிப்பாடுகளை அல்ல. ஒருவர் "இங்க பாரேன்" என்று சின்னதாகக் கூப்பிடும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதைத்தான். நீடித்த தம்பதிகள் பெரும்பாலான தடவை திரும்பிப் பார்த்தார்கள். பிரிந்தவர்கள் பெரும்பாலும் பார்க்கவில்லை. இது உங்களுக்கும் பொருந்தும். அவர் உங்களைச் சின்னதாகக் கூப்பிடுவது எப்போது? கடையில் நடந்ததைச் சொல்லும்போதா, சரக்கு வரவில்லை என்று அலுத்துக்கொள்ளும்போதா? அப்போது நீங்கள் கையில் இருக்கும் நாவலைக் கீழே வைக்கிறீர்களா?

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. சண்டையில் படத்தை இழுக்காதீர்கள். "ராம் மாதிரி ஒருத்தன் கிடைக்க நான் கொடுத்து வைக்கலை" என்று ஒரு தடவை வாயிலிருந்து வந்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் எந்தப் படம் போட்டாலும் அவருக்கு அது பரீட்சையாகத்தான் தெரியும், தூக்கம்தான் வரும். ஊடல் கொள்ளலாம், வள்ளுவரே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். "உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்" என்பது 1302ஆவது குறள். சாப்பாட்டில் உப்புப் போல அளவாக இருக்க வேண்டும், நீண்டுவிட்டால் கரித்துவிடும். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் வேண்டாம்.

இதையெல்லாம் செய்து பார்த்தும் அவர் எட்டிப்போனால், அல்லது நீங்கள் மனம் திறக்கும்போதெல்லாம் கேலி செய்தால், அடுத்தவர் முன் மட்டம் தட்டினால், அது வேறு விஷயம். பேசத் தெரியாதவரும் மதிக்காதவரும் ஒன்றல்ல. உங்கள் கடிதத்தில் இரண்டாமவரை நான் பார்க்கவில்லை. அப்படி இருந்தால் இருவரும் சேர்ந்து ஒரு குடும்பநல ஆலோசகரைப் பாருங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டுமாவது போங்கள். இதை வாசிக்கும் வேறு தோழி யாருக்காவது வீட்டில் அடி உதை இருந்தால், காட்சி காட்டுவதும் பொறுத்திருப்பதும் அவர்களுக்கான ஆலோசனை அல்ல. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

நாவல்களை நிறுத்தாதீர்கள். படங்களையும் பாருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அடுத்த தடவை 'மௌன ராகம்' போட்டால் நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், டெல்லிக் காட்சிகளில் அவர் முகத்தைப் பாருங்கள். அவர் எந்தக் காட்சியைச் சொன்னார் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.